ஏ.சி.க்கு அடியில் ஒரு பாம்பு

வளர்ப்புப் பாம்பு அசையாமல் கிடந்தால் அமைதியா, நோயா என்று இன்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்.

எழுபதுகளில் வளைகுடா வேலைக்குப் போய்த் தேராவில் தங்கியிருந்தபோது எங்கள் அறைத்தோழர் காசிம், கட்டட சைட்டில் பிடித்த விஷமில்லாத மணல்பாம்பு ஒன்றை வளர்த்தார். ஏ.சி.க்கு அடியில் இருக்கும் இடம் அறையில் மூத்தவருக்கு உரியது. மூத்தவரான காசிம் அந்த இடத்தைப் பாம்புப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

பாம்பு இரையைத் தொடவில்லை. தூக்கினால் கயிறு மாதிரித் தொங்கியது.

“எவ்வளவு அமைதி, பார்த்தீங்களா?” என்றார் காசிம்.

“பாய், குளிர்ல அது கலாஸ் ஆகப்போகுது,” என்றேன்.

பெட்டியை வெதுவெதுப்பான சமையலறைக்கு மாற்றினோம். மாலையில் பாம்பு நாக்கை நீட்டி, காசிமின் விரலை இறுக்கிச் சுற்றியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏ.சி.க்கு அடியில் காலியான இடத்துக்கு அன்றே சண்டை. ஒருவர்கூட அமைதியாக இல்லை. எல்லோருக்கும் நல்ல ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். மறுப்பவர்கள் கீழே எழுதலாம்.