காயைப் பழமாக்கிய கழித்தல்

மாரியண்ணனின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவர் கண்ணில் பிழை இல்லை, என் கழித்தலில்தான் பிழை.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது, நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்... இதுவும் கோழைத்தனம்தானே?

மலேசியாவில், சிரம்பானுக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே குலைகளைத் தரம் பார்ப்பவர் மாரியண்ணன். பழம் உதிராத குலையைக் காய் என்று ஒதுக்கிவிடுவார். அதே வேலையைச் செய்யும் கேமராவுக்கு நிரல் எழுதியவள் நான்.

குலையின் பதினாறு இடங்களில் உள்ள சிவப்பைக் கேமரா எண்களாக்கும். மாதிரிப் பழத்தின் பதினாறு எண்களை அவற்றிலிருந்து செயலி ஒரே வீச்சில் கழிக்கும். மிச்சம் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் பழம். வேகத்தில் மயங்கி, பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காத வகைக் கழித்தலைப் பயன்படுத்திவிட்டேன். சிவப்புக் குறைந்த காய்க்கு எதிர்மறை எண் வரவேண்டும். அதையும் அது பூஜ்ஜியமாக்கியது. காயெல்லாம் பழமாயிற்று!

சோதிக்கவில்லையா என்பீர்கள். சோதித்தேன். "மெசினுக்கு நல்ல பழமா காட்டணும் லா" என்று மாரியண்ணனே பொறுக்கி வந்த செக்கச்செவேலென்ற குலைகளை வைத்து. ஒரு காயையும் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகொரு நாள், மானேஜர் முன்னால் அவர் கேட்டார்: "இது காய்தான் தங்கச்சி. ஒண்ணுகூட உதிரல. மெசின் எப்படி ஓகேங்குது?"

"மெசினுக்குக் கண்ணு மங்காதுண்ணே" என்றேன், சிரித்துக்கொண்டே.

கண் மங்கிவிட்டதென்று அந்த மாதமே அவரை நிறுத்தினார்கள். வேலையோடு தோட்டத்து வீடும் போயிற்று. அதன் பிறகுதான் எண்ணெய் ஆலையிலிருந்து புகார் வந்தது, வருவதெல்லாம் காய் என்று. நிரலைத் திறந்தேன், பிழையைக் கண்டேன். ஒரே வரி! திருத்திவிட்டு, குறிப்பில் 'வேகம் கூட்டப்பட்டது' என்று எழுதினேன். மானேஜரிடம் லென்ஸில் தூசி என்றேன். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் மாரியண்ணனைத் திரும்ப அழைத்திருப்பார்கள். என் பெயர் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் மம்பாவில், ஒரு குடியிருப்பின் வாசலில் காவலாளி உடையில் அவரைப் பார்த்தேன். மூக்கில் புதுக் கண்ணாடி.

"கண்ணாடிக் கடையில கண்ணு நல்லாதான் இருக்குன்னாங்க தங்கச்சி. நான்தான் நம்பாம வாங்கிப் போட்டுக்கிட்டேன். மெசின் பொய் சொல்லுமா?"

என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்காக அந்தக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு நல்லா இருக்குண்ணே... போட்டுக்குங்க" என்றேன்.