கேட்டதற்கு மட்டும் பதில்

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் சிதம்பரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. விடுதியில் தங்கி, சனிக்கிழமை ரயிலில் ஊருக்கு வருவேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

தெருவில் கிறிஸ்தவக் குடும்பம், ஊர்ப் பேச்சில் வேதக்காரக் குடும்பம், எங்களுடையது ஒன்றுதான். நம்மைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம் ஆண்டவரைத் தெரிந்துகொள்வார்கள் என்று அம்மா அடிக்கடி சொல்வார். அதை நான் ஒரு பதவியைப் போல எடுத்துக்கொண்டேன். பாலில் தண்ணீர் இருந்தால் பால்காரரை நிறுத்திக் கேட்பேன். பொய் சொல்லும் பிள்ளைகளின் காதைத் திருகுவேன். "டீச்சர் வருது, உண்மையப் பேசுங்கடா" என்று குழாயடியில் பெண்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். அந்த வீட்டு அம்மாளை நானும் அப்படித்தான் அழைத்தேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்த நாட்களில் தன் வீட்டு விளக்கடியில் என்னை உட்காரவைத்துப் படிக்கவிட்டவர் அவர். அவருடைய கணவருக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. விடுப்பில் வந்திருந்தார். நாகப்பட்டினத்தில் மறுபடி கப்பலேற நாளும் குறித்தாகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். லாத்தா வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் தன் வாசலுக்கு வருகிறது என்று எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போலக் கத்தினார். அன்று கூடவே லாத்தாவைப் பற்றி ஒன்று சொன்னார். அதை என்னால் இங்கே எழுத முடியாது. லாத்தாவின் கணவர் துணி காயப்போடும் மூங்கில் கழியை உருவினார். அதைப் பார்த்துத்தான் அந்த ஆள் விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முடிவில் எதிர்வீட்டுக்காரருக்குக் கை முறிந்தது. லாத்தாவின் கணவர் மேல் போலீஸ் வழக்காகிவிட்டது.

அடுத்த வாரம் லாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீ அங்கதான நின்ன புள்ள? அந்தாளுதான் மொதல்ல கட்டைய எடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லிடு. வேதக்காரப் பொண்ணு சொன்னா ஜட்ஜு நம்புவாரு."

"மச்சான்தான் லாத்தா மொதல்ல எடுத்தாரு. அந்தாளு பேசுன பேச்சுக்கு எடுத்தாரு. அத அப்படியே சொல்றேன்."

அவர் முகம் மாறியது. "ஐயோ, அது வேணாம். இவுங்க கழியத் தொடவே இல்லன்னு வக்கீலு சொல்லிட்டாரு. நீ எதையும் பாக்கலன்னு இருந்துடு."

"நானாப் போயி சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன் லாத்தா."

ஆனால் குழாயடியில் நான் நின்றதை எதிர்வீட்டுக்காரரும் பார்த்திருந்தார். அவர் சொல்லி, போலீசார் என்னைச் சாட்சியாகச் சேர்த்துவிட்டார்கள். சம்மன் வந்த அன்று அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஒடம்பு சரியில்லன்னு சிதம்பரத்துலயே கெட."

"சம்மன் வந்தா போகத்தான்பா வேணும்."

"நான் இத்தன வருசம் வாய மூடிக்கிட்டுத்தான மூட்ட தூக்குறேன்? ஒனக்கு ஒரு நாளு முடியாதா?"

கடலூர்க் கோர்ட்டில், கடவுள் அறிய உண்மை சொல்வேன் என்று உறுதி சொன்னேன். நடந்தது முழுவதையும் சொல்லிவிடலாம் என்ற தைரியம் இருந்தது.

"மொதல்ல கழி எடுத்தது யாரு?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"அவருதான். ஆனா அதுக்கு முன்னாடி அந்தாளு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தேன். "ஐயா, முழுசா சொல்லணுங்க."

"அவுங்க வக்கீல் கேப்பாரு. அப்ப சொல்லு."

லாத்தா வீட்டு வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. குழாய் எங்கே, கூட்டம் எவ்வளவு, வெயில் கண்ணில் அடித்ததா என்றுதான் கேட்டார். நான் எதையுமே பார்த்திருக்க முடியாது என்று காட்டுவதே அவர் வேலையாக இருந்தது. அந்த ஆள் என்ன பேசினார் என்று என்னிடம் கேட்டால், நான் பார்த்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயைத் திறந்தேன். "போகலாம்மா" என்றார்கள். சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் நான் பார்த்தது அதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

லாத்தாவின் கணவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். கப்பல் போய்விட்டது. பினாங்குக் கடையில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பான மறுநாள் எதிர்வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையோடு எங்கள் வாசலில் நின்றார். நல்ல கையில் மிட்டாய்ப் பொட்டலம். "வேதக்காரங்கன்னா இதாம்மா! பக்கத்து வூடு, பழக்க வழக்கம் எதையும் பாக்கலியே" என்று தெருவே கேட்கச் சொன்னார். அம்மா வாங்கவில்லை. அவர் அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் விசுவாசத்தைக் கண்டு மெச்சியவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். குழாயடியில் அதன் பிறகு யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. சிதம்பரத்து விடுதியில் ஜெபிக்க முழங்காலிடுவேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை, தயங்கித் தயங்கி லாத்தா வீட்டுக்குள் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"ஒம்மேல கோவமில்ல புள்ள. நீ பொய் சொல்லல, அல்லா அறிவான். ஆனா அந்தாளு என்னப் பத்திச் சொன்னத நீயும்தான கேட்ட? அது ஏன் அங்க வரல?"

"யாரும் கேக்கல லாத்தா."

"கேக்கல" என்றார். மறுபடி அரிசியில் குனிந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. அவர் கல் பொறுக்கி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.