ஐயாவின் காதளவு எல்லை

ஒஸ்லோவில் கடிகாரப் பற்றரியைக் கடையில் சுவிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ரயிலில் போகலாம். ஒரு நாய்கூட ஏனென்று கேளாது. எனக்குத்தான் வேர்க்கும்.

போன கிழமை மொழி வகுப்புக்கு நகரத் திட்டமிடும் பெண்ணொருத்தி வந்தாள். நகரம் ஒரே துண்டல்ல, பெரிய துண்டுக்குள் சிறிய துண்டுகள், அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வாழ்கின்றன என்றாள். சொந்த ஊரை அப்படி வரையச் சொன்னாள். இதை எனக்குப் படிப்பிக்க வந்துவிட்டாளே என்று சிரிப்பு வந்தது. போர்க்காலத் திருகோணமலையில் குடா அளவில் ஓர் எல்லை, வீதி அளவில் சிப்பாய்கள் மறிக்கும் சென்றிக்குச் சென்றி ஓர் எல்லை. கடைசியாக ஒரு சின்ன வட்டம் வரைந்தேன்.

"இது பூங்காவா?"

"இல்லை. என் தகப்பனாரின் காது."

அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அதற்குப் பச்சை நிறம் தீட்டினாள்.

ஐயா வயலைப் பார்த்துக்கொண்டு குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானில் இருந்தார். நானும் அம்மாவும் இக்கரையில், லிங்கநகரில். குடாவுக்கு அங்கால் போராளிகளின் பக்கம்; குண்டுக்கு உதவுமென்று அங்கே பற்றரி கொண்டுபோகத் தடை. காது மந்தமான ஐயாவின் காதுக்கருவிக்குப் போடும் பற்றரி மிளகளவுதான். ஆனாலும் இறங்குதுறைச் சிப்பாய் விடவில்லை.

"பற்றரி ஏலாது. காது கொண்டுபோங்க."

அதனால் ஐயாவுக்கு இக்கரையில் மட்டும்தான் காது கேட்டது. மாதமொருமுறை லோஞ்சுப் படகில் வந்து இறங்குவார். நெருப்புப்பெட்டியில் வைத்திருக்கும் பற்றரியை நான் கொடுப்பேன். அம்மா மாதம் முழுக்கச் சேர்த்த சண்டையை அன்றைக்கே பிடித்து முடிப்பா. திரும்பும்போது அவர் கழற்றித் தருவார், நான் பெட்டிக்குள் வைப்பேன்.

நான் வெளிநாடு போகப்போவதை அவருக்குச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. காலையிலிருந்து வாயெடுத்தேன், வரவில்லை. மீன்குழம்பைப் பற்றிக் கதைத்தேன், மழையைப் பற்றிக் கதைத்தேன். இறங்குதுறையில் அவர் பற்றரியை என் கையில் வைத்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. கோழை நான்.

"ஐயா, நான் வெளிநாடு போறன்."

"ஓம், ஓம். எல்லாம் வாற மாதம் கதைப்பம்."

அடுத்த மாதம் அம்மா புதுப் பற்றரி வாங்கிப் போட்டிருக்கிறா. அவர் முதலில் கேட்டது நான் போய்விட்ட செய்தியைத்தான். கேட்டவர் தானே பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாராம். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தா.

அந்த நெருப்புப்பெட்டி, உள்ளே பற்றரியோடு, அவசரத்தில் என்னோடு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது. இன்றும் ரயில் நிலைய வாசலில் என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போய் அதை வெளியே எடுத்து நீட்டுகிறது. வாங்கிக் காதில் போட்டுக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.