நிச்சய ஓலையில் பணிமூப்புத் தேதி

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். குற்றாலத்தில் சாரல். குடை பிடித்தாலும் நனையும், பிடிக்காவிட்டாலும் அதே அளவுக்கு நனையும், அப்படி ஒரு சாரல். மெயினருவிக்கு எண்பது அடி தள்ளி, ஒரு பலகைமேல், இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பலகையில் அதே கோலத்தில் எனக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து, முதலில் அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்கு வருவதாக ஏற்பாடு. மரியாதைக்கு நானும் வந்திருந்தேன். இன்னும் நான்கு மணி நேரம் இருபது நிமிடத்தில் என் வீட்டில் நிச்சய ஓலை வாசிக்க வேண்டும். அவர் கையில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட செல்போனில், அந்த ஓலையின் படம் இருந்தது.

"சார்வாள், எம் பையன் பேருக்கு மேல உங்க புள்ள பேரு இருக்கு. அது கெடக்கட்டும். பேருக்குப் பக்கத்துல என்னமோ தேதி போட்டிருக்கே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் அந்த நேரம் பார்த்து என் கழுத்தில் சொடக்கெடுத்தார்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் மகள் ராணுவ டாக்டர், கேப்டன். மயக்க மருந்துப் பிரிவில் எம்.டி. முடித்துவிட்டுத்தான் ராணுவத்தில் சேர்ந்தாள். பையனும் ராணுவ டாக்டர், கேப்டன். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவன், அவளுக்குப் பதினான்கு மாதம் முன்னால் சேர்ந்தவன். வயதிலும் பதினோரு மாதம் பெரியவன். அவன் அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். தரகர் கொண்டுவந்த ஏழாவது வரன் இது. முதல் ஆறையும் மகள் வேண்டாம் என்றுவிட்டாள். இவனோடு மட்டும் நாற்பது நிமிடம் போனில் பேசிவிட்டு வந்து, "சரிப்பா" என்றாள். முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு, "இந்த ஒரு விஷயத்துல மட்டும் எதையும் எண்ணாம இருங்கப்பா" என்றாள்.

நான் முயற்சி செய்தேன். ஆனால் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு பணிமூப்புப் பட்டியல் எழுதியவன் நான். நான்கு நாள் பின்னால் சேர்ந்த ஒரே குற்றத்துக்காக, கண்காணிப்பாளர் நாற்காலியை ஒன்பது ஆண்டு தள்ளி நின்று பார்த்தவனும் நான்தான். மகளின் பணி ஆணை அலமாரியில் இருந்தது. எடுத்துப் படித்தேன். பையன் சேர்ந்த தேதி தரகர் தந்த தாளில் இருந்தது.

மேற்படிப்பை முடித்துவிட்டு ராணுவத்துக்கு வருகிற டாக்டருக்கு ஒரு சலுகை உண்டு. ரேங்க் அதே கேப்டன்தான். ஆனால் சேர்ந்ததற்கு முன்தேதியிட்டு, பல மாதங்களுக்கு முன்பே சேர்ந்துவிட்டவர்போல் கணக்கில் எழுதுவார்கள். அடுத்த பதவி உயர்வை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். ஏழு முறை கூட்டிக் கழித்தேன். ஏழு முறையும் ஒரே விடை. பின்னால் சேர்ந்த என் மகள், பையனைவிட நூற்று இருபத்து நான்கு நாள் மூத்தவள். மேஜர் ஆவதும் அவள்தான் முதலில். அவள் மேஜராகவும் அவன் கேப்டனாகவும் இருக்கப்போகிற அந்த நூற்று இருபத்து நான்கு நாளும், வெளியே பார்த்தால் கட்டின பெண்டாட்டிக்கு அவன் சல்யூட் அடிக்க வேண்டும். இதை மண்டிக்காரர் ஏற்றுக்கொள்வாரா? வரன் கைவிட்டுப் போனால் மகள் எட்டாவதாக ஒருவனைப் பார்க்கச் சம்மதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வாய் திறக்கவில்லை. கைதான் காட்டிக்கொடுத்தது.

வழக்கப்படி ஓலையில் மாப்பிள்ளை பெயர் மேலே, பெண் பெயர் கீழே வர வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நினைப்பெல்லாம் சமையல்காரர் வந்து சேர்வாரா என்பதில் இருந்தது. இரண்டு கேப்டன்களைக் கண்டதும் கை தன்பாட்டுக்கு மூத்தவரை மேலே எழுதியது, இளையவரைக் கீழே எழுதியது, பக்கத்தில் ஒரு கட்டம் இழுத்து 'பணிமூப்புத் தேதி' என்று தலைப்பும் போட்டது. இரண்டு தேதிகளையும் நிரப்பி, அடியில் சுருக்கொப்பமும் வைத்திருக்கிறேன். மறுபடி படித்துப் பார்த்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினேன். வேறு எதுவும் உறுத்தவில்லை. பட்டியல் என்ற வகையில் அது மிகச் சரியாக இருந்தது. பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று மனைவி அதைப் படமெடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"அது படிப்பு சம்பந்தப்பட்ட தேதி அண்ணாச்சி" என்றேன்.

"அவன் பட்டம் வாங்குன தேதி இது இல்லையே."

"பெரியவருக்குத் தோள்பட்டை கல்லு மாதிரி இருக்கு. மனசுல எதையோ வச்சிருக்காரு" என்றார் எண்ணெய் தேய்ப்பவர்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. நீ நல்லா அமுக்கு, வெளிய வரும்" என்றார் மண்டிக்காரர்.

வந்துவிட்டது. ஆணை, முன்தேதி, மேஜர், சல்யூட் எல்லாவற்றையும் சொன்னேன். "இஷ்டமில்லன்னா இப்பமே சொல்லிருங்க அண்ணாச்சி. அறுபது இலைக்குச் சொல்லியிருக்கேன், நிறுத்திரலாம்" என்றும் சொன்னேன். எதற்கு இலையைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் செல்போனைப் பலகைமேல் வைத்தார். பிறகு அருவிப் பக்கம் திரும்பி, "ஏலே, இங்கன வா" என்று கூப்பிட்டார். பையன் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"இந்தப் புள்ளைக்கு நீ ஜூனியராலே?"

"ஆமாப்பா."

"எப்பம் தெரியும்?"

"மொத நாள் போன்லயே தெரியும். எடுத்ததும் அவங்க கேட்டதே, உங்க சீனியாரிட்டி தேதி என்னன்னுதான். ரெண்டு பேரும் பேப்பர் எடுத்து வச்சுக் கணக்குப் போட்டோம். நூத்தி இருவத்தி நாலு நாள் வந்துச்சு."

எண்ணாதீங்க என்று எனக்குச் சொன்னவளே எண்ணியிருக்கிறாள். அந்த நாற்பது நிமிடமும் எதற்குப் போனது என்று அப்போதுதான் புரிந்தது. பயம் ஒருபக்கம் இருக்க, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அடக்கிக்கொண்டேன், மண்டிக்காரர் முகம் இன்னும் இளகவில்லை.

"அது எப்படிலே? பதினாலு மாசம் பிந்தி வந்தவ முந்திப் போவாளா? நீ முந்தி வந்து நின்னதுக்கு என்ன மரியாத?"

"நம்ம மண்டியிலயும் அப்படித்தானப்பா. மூணு மணிக்கு எறங்குன தக்காளி கெடக்கும், அஞ்சு மணிக்கு வந்ததுக்கு மொத ஏலம் விடுதீங்க."

"அது தோட்டத்துலயே தரம் பிரிச்சுக் கொண்டாந்த தக்காளிலே. எறக்குனதும் அப்படியே ஏலத்துக்கு வைக்கலாம். மத்தத நாம உக்காந்து பிரிக்கணும், அதுக்கு நேரம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பையனைப் பார்த்தார். "நீ பிரிக்காத தக்காளியாலே?"

"ஆமாப்பா. இனிமத்தான் பிரிக்கணும்."

மண்டிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். எண்ணெய் உடம்போடு பலகைமேல் உட்கார்ந்து அப்படிச் சிரிக்கக் கூடாது. வழுக்கினார். நான் பிடித்தேன், பிடி நிற்கவில்லை. அவர் என்னைப் பிடித்தார், அதுவும் நிற்கவில்லை. இரண்டு பேரும் எண்ணெய்ப் புட்டிமேல் சரிந்து, புட்டி உடைந்து, தரையில் கிடந்தோம். தூக்க வந்த மூன்று பேரில் ஒருவரும் விழுந்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் குளிக்கிறதை மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்பது வயதில் விழுந்து கிடந்து சிரித்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

"ஓலைய மாத்திராதீங்க சார்வாள், தேதியோட வாசிங்க" என்றார் அவர், கிடந்தபடியே. "ஆனா ஒண்ணு. சீனியர் வீடுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. எங்க ஆளுக இருவத்தி மூணு பேரு. இன்னைக்கு எண்ணெயும் டிபனும் சீனியர் வீட்டுச் செலவு."

பத்தரை மணிக்கு, எழுதியிருந்தபடியே, பெண் பெயரை மேலே வைத்துத் தேதிகளோடு வாசித்தேன். யாரோ ஒரு பெரியவர் மட்டும், ரெண்டும் நல்ல நாளா என்று கேட்டார். நல்ல நாள்தான் என்றார் மண்டிக்காரர்.

தாம்பூலம் மாற்றியதும் மகள் என் அருகில் வந்து, "எத்தன நாள் வந்துச்சு உங்களுக்கு?" என்றாள்.

"நூத்தி இருவத்தி நாலு."

"பிப்ரவரிக்கு இருவத்தி எட்டுதான போட்டீங்க?"

"ஆமா."

"அப்ப சரி" என்றாள். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பையன் நின்ற பக்கம் போனாள்.

எண்ணெய் தேய்த்தது பதினோரு பேருக்கு, இரண்டாயிரத்து இருநூறு. டிபன் இருபத்து மூன்று பேருக்கு, இரண்டாயிரத்து நானூற்று முப்பது. உடைந்த எண்ணெய்ப் புட்டி நூற்று அறுபது. மொத்தம் நான்காயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.