அத்தியட்சர் அங்கியில் சிவப்பு அம்பு

3.11.2006 – பந்தல் முன்பணம், ரூ. 600
11.11.2006 – ரோஜா மாலை, ரூ. 150
12.11.2006 – மதியச் சாப்பாடு, 84 பேர், ரூ. 2,940

அத்தியட்சர் எங்கள் மண்ணரை ஆலயத்துக்கு வந்துபோன செலவு இவ்வளவுதான். வீரன் செய்த காரியத்துக்குச் செலவு கிடையாது.

வீரன் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சபைக்கு உபதேசியார் ஆகி ஜெபமும் பிரசங்கமும் நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு அத்தியட்சர் உத்தரவு வேண்டும். மனு ஆகஸ்டிலேயே போயிருந்தது.

வருகை நோட்டீஸைப் பார்த்து, அத்தியட்சர் என்றால் என்ன அர்த்தம் என்று சபைக் கணக்கு எழுதும் என்னிடம் கேட்டார். மேலிருந்து கவனித்துக்கொள்பவர் என்று பொருள். அவரையே குறிக்கும் பிஷப் என்ற சொல்லுக்கும் கிரேக்க மூலத்தில் அதே பொருள்தான் என்றேன்.

"அப்படீன்னா சூப்பர்வைசருங்க" என்றார்.

அன்றிலிருந்து சபையில் அவருக்கு அத்தியட்சர் என்றே பெயர். எங்க ஊட்டு அத்தியட்சருக்கு ரசத்தில் உப்புப் பத்தவில்லையாம் என்று அவர் மனைவி அன்புசெல்வியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செக்கிங்கில் குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் தாள் ஞாயிற்றுக்கிழமையும் வீரனின் சட்டைப்பையில் இருக்கும். அத்தியட்சர் வந்த அன்று வாசலில் மாலை போட்டது அவர்தான். போட்டுவிட்டுக் குனிந்து அத்தியட்சரின் கையைப் பிடித்தார். அங்கியின் வலக்கை ஓரத்தில் இரண்டு அங்குலம் தையல் விட்டிருந்தது. வீரனின் விரல் தன்பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது.

ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தியபோதுதான் சபை அம்பைப் பார்த்தது. ஆமென் சொல்ல ஆளில்லை.

ஆராதனை முடிந்ததும் வீரனே போய் நின்றார். "தையல் உட்டிருந்ததுங்க ஐயா. கைப்பழக்கமுங்க."

அத்தியட்சர் கையைத் திருப்பிப் பார்த்தார். "பாஸா, ரிஜெக்டா?"

"ரிஜெக்ட் இல்லீங்க. தைச்சாச் சரியாப் போயிருமுங்க."

அன்புசெல்வி ஊசிநூலோடு வந்து அங்கேயே தைத்தார். அத்தியட்சர் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் சிரிக்கவில்லை. தைத்த இடத்தை வீரனிடம் நீட்டினார். வீரன் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வேறு யாராவது இழுத்துப் பார்த்திருப்பார்களா?

இனி உத்தரவு வராது என்று வீரன் முடிவுகட்டிவிட்டார். தபால்காரரைக் கண்டால் சந்து மாறிப் போனார். டிசம்பரில் வந்த கடிதம் உபசரிப்புக்கு நன்றி சொன்னது. அதில் அவர் பெயரே இல்லை. ஜனவரியில் வீரனின் ஞானஸ்நானச் சான்று கேட்டு இன்னொன்று வந்தது. அனுப்பினோம்.

மண்ணரை சபைக்கு வீரனை உபதேசியாராக நியமிக்கும் கடிதம் வந்து சேர்ந்த நாள் 9.2.2007, வெள்ளிக்கிழமை.