கியூ, எக்ஸ், இசட்: ஐம்பது வார்த்தைகள்

வார்த்தை கற்றுக்கொடுக்கிற தொழிலில் சரக்கு கெட்டுப்போவதில்லை. கற்றுக்கொடுத்தவளின் நிம்மதிதான் கெட்டுப்போகும். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாளில் ஏறியவை

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு டுட்டோரியலில் மாலை வகுப்பு எடுத்தேன். வேலைக்கு இண்டர்வியூ போகிறவர்கள்தான் வருவார்கள். கியூ, எக்ஸ், இசட் என்ற மூன்று எழுத்துகளில் ஒன்றாவது உள்ள ஐம்பது ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு சைக்ளோஸ்டைல் எடுத்து வைத்திருந்தோம். குவாரண்டைன் என்றால் தொற்று உள்ள கப்பலை ஒதுக்கி நிறுத்துவது. ஹஸார்ட் என்றால் ஆபத்து. குவென்ச் என்றால் தாகம் தணிப்பது. படித்துக் காட்டும்போது சங்கைக் காதில் வைத்த மாதிரி ஓர் இரைச்சல் வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

தண்ணீர், கயிறு, பசி போன்ற சாதாரண வார்த்தைகளையும் சேர்க்கலாமே என்று டுட்டோரியல் முதலாளி அண்ணாச்சியிடம் ஒருமுறை கேட்டேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"லேசான வார்த்தைய வீட்டுலயே படிச்சிக்கிடுவாவ டீச்சர். கஷ்டமானதுக்குத்தான் நம்மகிட்ட வாராவ."

உடன்குடிக்காரர்

உடன்குடியிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வந்து சேர்ந்தார். பம்பாயிலிருந்து வரும் கடிதங்களைத் தானே வாசிக்க வேண்டும் என்று ஆசை. குவாலிட்டி என்றால் தரம், குவாண்டிட்டி என்றால் அளவு, குவோட் பண்ணுவது என்றால் விலை சொல்வது என்று முதல் நாள் எழுதிப்போட்டேன். மறுநாள் விடைபெற வந்துவிட்டார். என் பாடத்தில் என்ன குறை என்று பதறிப்போனேன். அவர் சிரித்தார்.

"எனக்கு இந்த மூணு போதும் டீச்சர். மிச்சம் நாப்பத்தேழையும் இல்லாதவங்களுக்குக் குடுங்க."

மணிக்கு ஒரு வார்த்தை

பிலோமினாவுக்கு ஐம்பதும் வேண்டியிருந்தது. அவள் கணவர் சங்கு குளிப்பவர். ஆழத்தில் ஒரு காது போய்விட்டது. இனி முங்கினால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளி இறுதி முடித்த அவள், ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் எடுக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். இண்டர்வியூவுக்குப் பத்து நாள் இருந்தது. "கிடைக்கலன்னா அவிய மறுபடி கடலுக்குப் போயிருவாவ" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நாலே நாளில் ஐம்பதையும் ஒப்பித்தாள். எப்படி என்று பார்த்தால், கையில் செபமாலை. பத்துப் பத்தாக ஐம்பது மணிகள், மணிக்கு ஒரு வார்த்தை. நான் பூரித்துப்போனேன். பிறகு விளையாட்டாக முப்பத்திரண்டாவதைக் கேட்டேன்: ஆங்க்‌ஷியஸ், அதாவது நெஞ்சு நிலைகொள்ளாமல் இருப்பது. அவள் விரல் முதல் மணிக்கு ஓடியது. அங்கிருந்து உருட்டி வந்தால்தான் அந்த வார்த்தை கிடைக்கும். நேரே சொல் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"செபத்த நடுவுல இருந்து ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

குலுக்கிய சீட்டு

இண்டர்வியூவில் வரிசையாகவா கேட்பார்கள் என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. தாளைத் துண்டு துண்டாக வெட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். இண்டர்வியூவுக்கு மூன்று நாள் இருக்கையில் அவளுக்கு வரிசையும் போயிற்று, வார்த்தையும் போயிற்று. கோர்த்து வைத்திருந்ததை அறுத்துவிட்டவள் நான்தான்.

மறுநாள் அவள் கணவர் வாசலில் நின்றார். ஒரு காது கேட்காதவர் என்பதால் நான் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. தெருவே கேட்க, நன்றாகப் படிக்கிறாள் என்று பொய் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அவளுக்கு வரலன்னா வையாதீங்க டீச்சர். சங்குப் பருவம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

இண்டர்வியூ

அன்று காலையிலிருந்து வேலை எதுவும் ஓடவில்லை. கரும்பலகையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பிலோமினா வந்து பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த வேலை உனக்கு எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி. பதிலுக்கு வேண்டிய வார்த்தைகள் பள்ளியிலேயே படித்தவை. ஆனால் ஐம்பதும் முன்னால் வந்து நின்று வழியை மறித்துக்கொண்டன. சேலைக்குள் முதல் மணியைப் பிடித்தாள். ஒருவர் கவனித்துவிட்டு, கையில் என்ன என்று கேட்டார். செபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கை காலியானதும் வாய் திறந்ததாம்.

"ஹஸ்பண்ட் இயர் நாட் குட். அகைன் ஸீ, ஹீ டை. ஐ வொர்க்."

 பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். டெலிபோனில் பேச வேண்டிய ஆங்கிலத்தை அங்கேயே பழக்கிவிடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு, என் கண்ணைத் தவிர்த்து டப்பாவிலிருந்த சீட்டுகளை அடுக்கினாள்.

"நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட உதவல டீச்சர். கோவிச்சுக்கிடாதீங்க."

கோபமே இல்லை: கஷ்டமான வார்த்தைகள் ஐம்பதைச் சொல்லிக்கொடுத்த என்னை, அந்த ஐம்பதிலும் சேராத 'இயர்', அதாவது காது என்ற லேசான வார்த்தைதான் காப்பாற்றியது.