ஓடணுமா, உட்காரலாமா?

1. ஒன் இஷ்டம்

பிளஸ் டூ பாஸ். காலேஜில் கெமிஸ்ட்ரி சீட்டும் கிடைத்துவிட்டது. என்னைப் பெத்த அய்யாவிடம் போய் நின்றேன். அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்குகிறவர். தும்மிக்கொண்டே, "ஒன் இஷ்டம் தாயி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போ என்றால் போவேன், போகாதே என்றால் சண்டை போடுவேன். இஷ்டம் என்றால் என்ன செய்ய?

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலேஜில் சேர இன்னும் நாள் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று மதினியோடு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போனேன். மதினி என் அண்ணன் பெண்டாட்டி. வயசில் கொஞ்சம்தான் மூப்பு, வாய்தான் ரொம்ப மூப்பு.

முதல் நாளே மதினியின் அதட்டல். "ஏ புள்ள, செருப்ப வெளிய போடு. கொலுசக் கழட்டு. அந்தச் செம்புத் தகட்டத் தொட்டுட்டு உள்ள வா." உடம்பில் இருக்கிற கரண்டு தகடு வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும், பொறி கிளம்பக் கூடாது. அதற்குத்தான் அது.

வேலை பிடித்துப்போனது. சீசன் நேரம், கை ஓயாது, பேச்சும் ஓயாது. மானேஜர் வேறு, "படிச்ச புள்ள, நாலு சீசன் நில்லு, சூப்பர்வைசராக்கிடுறேன்" என்று ஆசை காட்டினார். காலையில் காலேஜ் என்று நினைப்பேன், மத்தியானம் கம்பெனி என்று நினைப்பேன். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

2. சூடான சட்டி

சேர்வதற்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் திடீரென்று மழை. கூரை ஒழுகி, மிஞ்சின வெடிமருந்து வைத்திருந்த சட்டியில் சொட்டியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. மதினி தற்செயலாகச் சட்டிப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனாள்.

"அய்யய்யோ, சுடுது! எந்திரிங்க, ஓடுங்க!"

நான் மூதேவி, வாசலில் செருப்பைத் தேடி நின்றேன். மதினி சடையைப் பிடித்து இழுத்தாள். நெருஞ்சி முள்ளில் வெறுங்காலோடு ஓடி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தோம். பின்னால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். ரூம் போய்விட்டது. சாமி புண்ணியம், ஆளுக்கு ஒன்றும் இல்லை.

காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே போர்மேனிடம் கேட்டேன்: "தண்ணி பட்டா தீ அணையத்தான செய்யும்? இது தண்ணி பட்டு ஏன் பிடிக்குது?"

"அது அப்படித்தாம்மா. ஈரம் பட்டா மருந்து சூடாகும், விட்டுட்டு ஓடணும். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

தெரியாமல் எப்படி அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது? மறுநாள் விடிந்ததும், "கெளம்புங்கய்யா" என்றேன்.

"எங்கன?"

"காலேஜுக்கு."

3. லேப் வாசல்

முதல் லேப் வகுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, செம்புத் தகடு எங்கே என்று கதவோரம் தடவிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். "ஆசிட் கொட்டினா கால் என்னத்துக்காகும்? போட்டுட்டு வா!" என்று மேடம் விரட்டினார்கள். அழுகையாக வந்தது.

ரெண்டாம் வருசம்தான் பதில் கிடைத்தது. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கலந்ததில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே மெல்ல ரசாயன மாற்றம் நடக்கும். அதில் சூடு வரும். அந்தச் சூடு மாற்றத்தை இன்னும் முடுக்கிவிடும். கடைசியில் தானாகவே பற்றிக்கொள்ளும். பஸ்ஸில் வரும்போது உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மதினியிடம் கொட்டினேன்.

வெங்காயம் அரிந்துகொண்டே முழுசாகக் கேட்டாள். "இதுக்கா ரெண்டு வருசம்? ஓடணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

பிறகு அரிவாள்மணையைத் தள்ளிவைத்தாள். "சரி, நாங்க ஓடாம இருக்கணும்னா என்ன செய்யணும்? அதச் சொல்லு."

பையிலிருந்து நோட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

அந்தக் கேள்விதான் இன்றுவரை என் வேலை. படிப்பு முடிந்து அதே கம்பெனியின் டெஸ்டிங் லேபில் சேர்ந்தேன். ஈரம் பட்டாலும் சூடேறாமல் தடுக்க மருந்தில் கொஞ்சம் போரிக் ஆசிட் சேர்ப்பது, மிஞ்சின மருந்தை அன்றன்றைக்கே அழிப்பது, மழைக்கு முன்னால் கூரையை ஏறிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் மானேஜரோடு மல்லுக்கட்டினேன். படிக்கப் போகவா வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். படித்தால் நிம்மதி வரும் என்று மட்டும் சொல்வதில்லை.

வானம் இருட்டினால் மதினி இப்போதும் லேப் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன புள்ள, ஓடணுமா, உக்காரலாமா?"

மருந்தின் ஈரம், சூடு என்று எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் உட்காருங்க என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

"ஓடுங்க மதினி."